கதவைத் தட்டிவிட்டு நின்றவர்

மண்ணெண்ணெய்க்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது செங்கமலம்மா காலமான செய்தி எனக்கு வந்தது. நம் பெண்கள் இல்லத்துக் காவல்காரர் மாதப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, தலைத்துணியை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, கன்னடத்தில் விஷயத்தைச் சொன்னார். முந்தின நாள் சாயங்காலம்தான் தெரிந்ததாம். விடியுமுன்பே தூக்கத்தில் போயிருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். "ஒடனே வரீங்களா டீச்சர்?" என்று தமிழில் கேட்டார். எனக்கு முன்னால் இன்னும் சிலர் இருந்தார்கள். இவ்வளவு நேரம் நின்றுவிட்டு வெறும் டப்பாவோடு போனால் செங்கமலம்மாவே திட்டுவார் என்று தோன்றியது. எண்ணெயை வாங்கிக்கொண்டுதான் போனேன். அழுகை வரவில்லை, களைப்புத்தான் வந்தது. யுத்தம் முடிந்துவிட்டது என்கிறார்கள். ஆனாலும் இந்த ஊரில் அரிசிக்கும் எண்ணெய்க்கும் நின்று முடித்த பிறகுதான் துக்கப்படவும் முடிகிறது.

இல்லத்தில் நடந்த இரங்கல் கூட்டத்துக்கு உங்களில் பலர் வந்திருந்தீர்கள். கமிட்டித் தலைவர் அவரைத் தெய்வப் பிறவி என்றார். அடுத்துப் பேசியவர் கருணைக் கடல் என்றார். நான் பேசவில்லை. எனக்கு மேடையில் பேச வராது என்பது ஒன்று. அவரோடு இத்தனை வருஷம் வேலை பார்த்து, வாரத்துக்கு ஒரு தடவையாவது சண்டையும் போட்ட எனக்கு, அந்தத் தெய்வப் பிறவி யாரென்று அடையாளம் தெரியவில்லை என்பது இன்னொன்று. எனக்குத் தெரிந்தவர் பிடிவாதக்காரர். காபி கொஞ்சம் ஆறினாலும் முகத்தைச் சுளிப்பார். தன் சொல் செல்லாத இடத்தில் பேசாமல் உட்கார்ந்தே காரியத்தைச் சாதிப்பார். அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

மேல்கோட்டை வைஷ்ணவக் குடும்பம். கல்யாணமான சில மாதங்களிலேயே கணவரை இழந்து, மைசூரில் அண்ணன் வீட்டில் இருந்து படித்து, நம் இல்லத்துக்கு மேட்ரனாக வந்தவர். பெற்றோர் இல்லாத பெண்கள், வீட்டார் கைவிட்ட பெண்கள் எல்லாரும் அங்கே வளர்ந்தார்கள். வளர்ந்த பிறகு என்ன என்பதற்கு இல்லத்தில் இரண்டு பதில்கள் இருந்தன. யாராவது பெண் கேட்டு வந்தால் கல்யாணம், வராவிட்டால் பெரிய வீடு ஒன்றில் வேலைக்காரி. நான் தையல் சொல்லிக்கொடுக்க அங்கே சேர்ந்தபோது மூன்றாவதாக ஒன்று உண்டு என்று யாரும் நினைக்கவில்லை. செங்கமலம்மா நினைத்தார். ஒரு பெண் உத்தியோகம் பார்த்து, வாடகைக்கு ஓர் அறை எடுத்து, தன் பாட்டைத் தானே பார்த்துக்கொண்டால் வானம் இடிந்தா விழும் என்று கேட்டார். கமிட்டி அரைமனதாகச் சம்மதித்தது. ஒருமுறை வெளியே போனவளைத் திரும்பச் சேர்ப்பதில்லை என்று ஒரு விதியையும் கூடவே போட்டது.

அப்படி முதலில் வெளியே போனவள் பொன்னி. ஹனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். மலைக்காய்ச்சலில் தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போக, சின்ன வயதிலேயே இல்லத்துக்கு வந்தவள். கெட்டிக்காரி. பட்டு ஆலையில் வேலை கிடைத்தது. ஆலைக்குப் பக்கத்தில் வரிசை வீடுகளில் ஓர் அறையும் கிடைத்தது. நாங்கள் எல்லாரும் பெருமையாக வழியனுப்பிவைத்தோம். ஒரு மாதம் ஆவதற்குள், கன்னம் ஒட்டிப்போய், துணி மூட்டையோடு வாசலில் வந்து நின்றாள்.

என்ன நடந்தது என்று சொல்ல அவளுக்கே கூச்சம். இல்லத்தில் சமையல் முறை போட்டுச் செய்வார்கள். பத்து வயதிலிருந்து அவள் அறுபது பேருக்கு வடித்துப் பழகியவள். தனி அறையில் அடுப்பு மூட்டியபோது கை தன் பாட்டுக்கு அள்ளிப் போட்டிருக்கிறது. "எனக்கு மட்டும்னு வடிக்கத் தெரியலீங்க. எவ்வளவு கொறச்சாலும் பானை நெறஞ்சுபோவுது" என்றாள். மிஞ்சியதை வரிசை வீடுகளில் எல்லாருக்கும் கொடுத்திருக்கிறாள். அடுத்த நாளிலிருந்து அவர்கள் கிண்ணத்தோடு வந்து நின்றிருக்கிறார்கள். இல்லை என்று சொல்லவும் அவளுக்குத் தெரியவில்லை. சம்பளம் சோறாகப் போய்விட்டது. பிறகு பட்டினி. நான் தலையில் அடித்துக்கொண்டேன். செங்கமலம்மா என் பக்கம் திரும்பினார். "தப்பு அவ பேர்ல இல்லே ராஜம். நாம ஊருக்கே தளிகை பண்ணச் சொல்லிக் குடுத்தோம். ஒருத்திக்குப் பண்ணச் சொல்லிக் குடுத்தோமா?" என்றார்.

பின்கட்டில் இருந்த பழைய மாட்டுக்கொட்டகை அறைகளானது அதற்குப் பிறகுதான். உங்களில் பலர் அதைப் பார்த்திருப்பீர்கள். சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொன்றிலும் ஓர் அடுப்பு, ஒரு சின்ன வெண்கலப் பானை, அளக்க ஓர் ஆழாக்கு. வெளியே போகப்போகிற பெண் அதற்கு முன்பு அங்கே தனியாகக் குடித்தனம் செய்து பழக வேண்டும். அடுப்பைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கதவைப் பற்றித்தான் ரகளை. அறைகளின் கதவுகள் நேராகச் சந்துக்குத் திறந்தன. வயதுப் பெண்களின் அறைக்குத் தெருவில் வாசலா என்று கமிட்டி கொதித்தது. அதைக்கூட ஒருவழியாகச் சமாளித்தார். பூட்டின் இரண்டு சாவிகளையும் அந்தப் பெண்ணிடமே கொடுத்துவிட்டதை மட்டும் அவர்களால் தாங்க முடியவில்லை. என்னாலும்தான். மேட்ரனிடம் ஒரு சாவி இருக்க வேண்டாமா என்று கேட்டேன். "என்கிட்ட ஒண்ணு இருந்தா அது அவ ரூம் இல்லே, என் ரூம். அவளை வச்சுப் பூட்டின ரூம்" என்றார்.

சொன்னதோடு விடவில்லை. பொன்னி அந்த அறையில் இருந்தபோது, தினம் ஒருமுறை சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போய்க் கதவைத் தட்டுவார். தட்டிவிட்டு நிற்பார். கூப்பிடமாட்டார், ஜன்னலில் எட்டிப் பார்க்கமாட்டார். ஆடி மாதத்தில் ஒருநாள் நல்ல மழை. பொன்னிக்கு என்னவோ கோபம், திறக்கவில்லை. குடைக்கு அடங்காத சாரலில் புடவை நனைய இவர் நின்றார். நான் பின்கட்டுத் தாழ்வாரத்திலிருந்து, "அவள் உள்ளேதான் இருக்கிறாள், நான் வந்து ஒரு சத்தம் போடட்டுமா?" என்றேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார். கொஞ்ச நேரம் பொறுத்து, கதவைப் பார்த்து, "சரிம்மா, நாளைக்கு வரேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். அன்று அவருக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. மேட்ரன் ஒருத்தி ஒரு பெண்ணின் கதவுக்கு வெளியே பிச்சைக்காரி மாதிரி நிற்பதா என்று நான் கத்தினேன். மிளகு ரசத்தை ஊதிக் குடித்துக்கொண்டே சொன்னார்: "அவ திறக்காம இருந்துட்டா, நான் போயிட்டேன். அவ ஆயுசுல இப்படி நடந்ததே இல்லை. நாளைக்குத் திறப்பா பாரு." மறுநாள் திறந்தாள். அதில்தான் எனக்கு இன்னும் எரிச்சல்.

பொன்னி இரண்டாவது முறை வெளியே போனபோது ஆழாக்குச் சரியாகப் பழகியிருந்தது. அதே ஆலை, அதே வரிசை வீடுகள். எல்லாம் நன்றாகத்தான் போனது, கௌரிப் பண்டிகை வரும்வரை. நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கல்யாணமாகிப் போன பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து முறத்தில் மஞ்சள், குங்குமம், வளையல், அரிசி, தேங்காய் வைத்து, மேலே இன்னொரு முறத்தால் மூடி பாகினம் அனுப்புவார்கள். அந்த வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் ஒவ்வொருத்திக்கும் அண்ணனோ தம்பியோ முறத்தைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். பொன்னிக்குக் கல்யாணம் ஆகவில்லை, பாகினம் வராதது தப்பில்லை. ஆனால் பேச்சு அங்கிருந்து தொடங்கி, உன் பிறந்த வீடு எங்கே, பண்டிகைக்குக்கூட யாரும் எட்டிப் பார்ப்பதில்லையே, யாரும் இல்லாதவளா நீ என்று போயிருக்கிறது. அண்ணன் வருவான் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு, நடந்தே இல்லத்துக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. விதி தெரியும் அவளுக்கு. முதல் தடவை செங்கமலம்மா மன்றாடித்தான் திரும்பச் சேர்த்தது என்பதும் தெரியும். மாதப்பா சொல்லி நாங்கள் வெளியே போனபோது வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எனக்கு அந்த ரூம் வேண்டாங்க. ஒடம்புக்கு முடியலீன்னாக்கூட இருந்துக்குவேன். இன்னிக்கு மாதிரி நாள்ல எங்க போறதுன்னு தெரியலீங்க" என்றாள்.

கமிட்டி கூடியது. இரண்டு முறை தோற்றுவிட்டாள், இனி ஏதாவது நல்ல வீட்டில் வேலைக்கு வைத்துவிடுவதுதான் அவளுக்கும் பாதுகாப்பு என்றார் தலைவர். அவர் கெட்டவர் இல்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். எனக்கும் உள்ளுக்குள் அதுதான் சரி என்று பட்டது. எத்தனை முறை ஒரே பெண்ணை வழியனுப்புவது. செங்கமலம்மா கேட்டார்: "உங்காத்துப் பொண்ணு பண்டிகைக்குப் பொறந்தாத்துக்கு வந்தா, தோத்துப்போய் வந்துட்டான்னா சொல்றேள்?" தலைவர் அது வேறு விஷயம் என்றார். என்ன வேறு என்று கேட்டுவிட்டு இவர் பேசாமல் உட்கார்ந்துகொண்டார். அவர் பேசாமல் உட்கார்ந்தால் எவ்வளவு நேரம் உட்காருவார் என்பது கமிட்டிக்குத் தெரியும். பொன்னிக்குப் பின்கட்டில் மறுபடியும் அறை கிடைத்தது.

மூன்றாவது முறை அவள் போன வருஷம், கௌரிப் பண்டிகைக்குச் செங்கமலம்மா முறம் வாங்கினார். மஞ்சள் பூசி, வளையல் வைத்து, தேங்காய் வைத்து, வெல்ல அச்சு வைத்து எல்லாம் அவரே அடுக்கினார். கணவரை இழந்தவர் இதைக் கொண்டுபோய்க் கொடுப்பதை ஊர் ஒப்புக்கொள்ளாது என்று என்னைப் போகச் சொன்னார். கல்யாணமாகாத பெண்ணுக்குப் பாகினமா, கேட்கிறவர்கள் சிரிக்கமாட்டார்களா என்று நான் முணுமுணுத்தேன். "சிரிக்கட்டும். முறம் வந்ததைப் பாத்துட்டுச் சிரிக்கட்டும். யார் அனுப்பினான்னு கேட்டா அவ அம்மாவாத்துலேர்ந்துன்னு சொல்லு" என்றார். மாதப்பா தலையில் முறத்தை வைத்துக்கொண்டு முன்னால் நடக்க, நான் பின்னால் போனேன். வரிசை வீடுகளில் எல்லாத் தலையும் வெளியே நீட்டிப் பார்த்தது. பொன்னி முறத்தை உடனே வாங்கவில்லை, அப்படியே நின்றாள். பிறகு இரண்டு கையாலும் வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, ரொம்ப சாதாரணமாக, பக்கத்து வீட்டுக்காரிக்குக் கேட்கிறமாதிரி, "அம்மா நல்லா இருக்காங்களா?" என்று என்னைக் கேட்டாள். அதற்கப்புறம் அவள் மூட்டையோடு வந்து நின்றதில்லை. அவளுக்குப் பின் வெளியே போன ஒவ்வொரு பெண்ணுக்கும் முறம் போயிற்று. சுமந்தது நானும் மாதப்பாவும்தான். ஒவ்வொரு வருஷமும் கால் வலியில் சபித்துக்கொண்டே சுமந்தேன்.

செங்கமலம்மாவுக்கு வயதாகிவிட்டது என்று கமிட்டி வேறொரு மேட்ரனை நியமித்தபோதுதான் எங்களுக்கு உறைத்தது, அவருக்குப் போக வீடில்லை என்று. மேட்ரன் அறையே வீடாக இருந்தவர். மேல்கோட்டையில் மருமான் இருந்தான், அழைத்தான். என் வீட்டில் வந்து இருங்கள் என்று நானும் அழைத்தேன். என் கணவர் ரயில்வேயில் வேலை பார்த்துக் கிடைத்த வீடு, கூடத்தில் இடம் உண்டு. "உன் ஆத்துல எனக்கு ஒரு கொறையும் இருக்காது ராஜம். ஆனா நீ தட்டமாட்டே. காபியை எடுத்துண்டு நேரா உள்ள வந்துடுவே" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அவர் பொன்னியின் பக்கத்து அறையை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

போனவருக்கு ஒருத்திக்குச் சமைக்கத் தெரியவில்லை. ஆயுசெல்லாம் அறுபது பேர் சாப்பாட்டுக்கு அரிசி அளந்து கொடுத்த கை. முதல் நாளே பானை பொங்கி வழிந்து, வரிசை வீடுகளுக்கெல்லாம் புளியோதரை போயிற்று. மறுநாளும் போயிற்று. நான் பார்க்கப் போனபோது கிண்ணத்தோடு பிள்ளைகள் வாசலில் நிற்கிறார்கள், இவர் திருதிருவென்று விழிக்கிறார், பொன்னி சுவரில் சாய்ந்துகொண்டு சிரிக்கிறாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பிறகு அவள் ஆழாக்கை எடுத்துக்கொண்டு போய், "நானே ரெண்டு ஆளுக்கு வடிக்கிறனுங்கம்மா. நீங்க அரிசிப் பக்கமே வராதீங்க" என்றாள். அவள் கைச் சமையலை இவர் சாப்பிடுகிறார் என்று தெரிந்ததும் மேல்கோட்டைச் சொந்தம் வருவதை நிறுத்திக்கொண்டது. "இத்தனை நாள் மடி பாத்தாச்சு. இப்ப பசிக்கறது" என்று அதை முடித்துவிட்டார். பொன்னி ஆலைக்குப் போகுமுன் அவர் கதவைத் தட்டுவாள். தட்டிவிட்டு நிற்பாள். திறந்தால் தூக்குப் பாத்திரத்தைக் கொடுப்பாள். சில காலைகளில் இவர் திறப்பதில்லை. அசதியோ, தனியாக இருக்கும் ஆசையோ, யாருக்குத் தெரியும். "சரிங்கம்மா, சாயங்காலம் வர்றேன்" என்று அவள் பாத்திரத்தை வாசலில் வைத்துவிட்டுப் போவாள்.

கடைசி நாளும் அப்படித்தான் நடந்தது. தட்டினாள், நின்றாள், சொல்லிவிட்டுப் போனாள். சாயங்காலம் வந்தபோது தூக்குப் பாத்திரம் வைத்த இடத்திலேயே இருந்தது. அப்புறம்தான் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுத் தாழ்ப்பாளை உடைத்தார்கள். மருமான் வந்து காரியங்களைச் செய்தான். பொன்னி ஓரமாக நின்றாள். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரிக்கரைக்குப் போய் எல்லாம் முடித்துவந்த பிறகு மாதப்பா என்னிடம் ஒரு செய்தி சொன்னார். பொன்னி இல்லத்தில் சமையல் வேலை கேட்டிருக்கிறாளாம். அறையைக் காலி செய்துவிட்டுப் பெண்களோடு கூடத்திலேயே படுத்துக்கொள்கிறேன் என்றாளாம். புதிய மேட்ரனும் சரி என்றுவிட்டாராம்.

இவ்வளவு வருஷம் இவ்வளவு பேர் பாடுபட்டதெல்லாம் இதற்குத்தானா என்று இருந்தது எனக்கு. உடம்பு முழுக்க அலுத்துப்போன நிலையில்தான் வரிசை வீடுகளுக்குப் போனேன். அவள் கதவு சாத்தியிருந்தது. உள்ளே புகை வாசனை வந்தது. என் வழக்கப்படி, "பொன்னி, திற" என்று குரல் கொடுக்க வாயைத் திறந்தேன். என்னவோ கொடுக்கவில்லை. தட்டினேன். நின்றேன். நல்ல வெயில். பக்கத்து அறைக் கதவில் புதுத் தாழ்ப்பாள் அடித்திருந்தார்கள், மரம் வெள்ளையாகத் தெரிந்தது. எதிர்வீட்டுக்காரி என்னைப் பார்த்துக்கொண்டே துணி காயப்போட்டாள். கால் கடுத்தது. அந்த மனுஷி எப்படி இத்தனை நாள் இப்படி நின்றார் என்று நினைத்தேன்.

கதவு திறந்தது. கண்ணெல்லாம் வீங்கியிருந்தது அவளுக்கு. "ஒடச்சிருக்கோணுங்க டீச்சரம்மா. காலையிலயே ஒடச்சிருக்கோணும். நாந்தான் நின்னுபோட்டு மில்லுக்குப் போயிட்டேன்" என்றாள். விடியுமுன்பே போயிருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவளும் அதைக் கேட்டிருக்கிறாள், அது அவளுக்குப் போதவில்லை. "அங்க கூடத்துல தாப்பாளே இல்லீங்க. அங்க இருந்தா யாருக்கும் இப்படி ஆவாது" என்றாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "நானாயிருந்தா ஒடச்சிருப்பேன் பொன்னி. தினமும் ஒடச்சிருப்பேன். அதனாலதான் அவங்க என் வீட்டுக்கு வரலை. உன் பக்கத்துல வந்து இருந்தாங்க."

அவள் வெகுநேரம் அழுதாள். நானும் அழுதேன், மண்ணெண்ணெய் வரிசையில் நின்றபோது வராத அழுகை. பிறகு அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பார்த்தாள். "இன்னிக்கும் ரெண்டு ஆளுக்கு வடிச்சுப்போட்டனுங்க. தினமும் இப்படித்தான் ஆவுது. சாப்புடறீங்களா?" என்றாள். செங்கமலம்மாவின் பங்கை நான் உட்கார்ந்து சாப்பிட்டேன். கொஞ்சம் குழைந்த சாதம், கொள்ளு ரசம். எழுந்தபோது, கௌரிப் பண்டிகைக்கு முறம் வருமா என்று அவள் கேட்கவில்லை. வரும் என்று நானே சொன்னேன். நாளைக்கும் வருவீர்களா என்று மட்டும் கேட்டாள்.

அவள் இன்னும் இல்லத்துக்குப் போகவில்லை. இந்த மாதம் போகவில்லை என்றுதான் சொல்ல முடியும். செங்கமலம்மாவின் புடவை, கண்ணாடி, பாராயணப் புத்தகம் எல்லாம் மருமானிடம் போய்விட்டன. எனக்கென்று மிஞ்சியது அன்று பொன்னிக்கு நான் சொன்ன பதில்தான். அது என் பேச்சே இல்லை.

"வந்து தட்டறேன். திறக்கறதும் திறக்காததும் உன் இஷ்டம்."